பதினான்காவது நிபந்தனை நீக்கப்பட்டதற்கான காரணம்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து காயத்ரி போன் செய்தாள். நான் ஓய்வு பெறும்போது அவள் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. இப்போது என் மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறாளாம்.

“மேடம், பிள்ளைங்களுக்கான ராத்திரி உதவி மையத்துக்குப் புது ஒப்பந்தம் போடறோம். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். பதினாலாவது நிபந்தனையை மட்டும் கோடு போட்டு அடிச்சிருக்கு. பக்கத்துல காரணம் எழுதலை. இப்ப மேலேருந்து அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்றாங்க. ஆளு கூப்பிட வேண்டியதுகூட இல்லையாம், மறுநாள் தானா மெசேஜ் போயிருமாம். காரணம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, குறிப்புல ரெண்டு வரி எழுதிடறேன்.”

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் கோப்பில் குறிப்பு எழுதியே சம்பளம் வாங்கியவள் நான். ஒரு குண்டூசி பாக்கெட் வாங்கினால்கூட ஏன் வாங்கினோம் என்று எழுதி வைத்தவள். எழுதாமல் விட்டது அந்த ஒன்றைத்தான். அது இரண்டு வரியில் அடங்காது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சுகாதாரத் துறையில் சேர்ந்தேன். திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று சுற்றிவிட்டு, தஞ்சாவூரில் மாவட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளராக வந்து நின்றேன். எனக்கு அலுவலகத்தில் ‘சரிபார்ப்பு சரோஜா’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டும் இல்லை, முகத்துக்கு நேராகவும் சொல்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன், உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கர்ப்பிணிகளுக்குச் சத்து மாவு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதாக ஒருவர் ஒப்பந்தம் எடுத்திருந்தார். கையெழுத்துப் பட்டியல் அச்சடித்தது போல அவ்வளவு ஒழுங்காக வரும். அந்த ஒழுங்கைப் பார்த்துதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பட்டியலில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். ஒருத்தி திருப்பூருக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. இன்னொருத்திக்குக் கல்யாணமே ஆகவில்லை. அந்த ஆள் ஓடிப்போனார், எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து நான் எழுதுகிற எந்த ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்கும்: பயனாளியைக் கூப்பிட்டுக் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் இரவு உதவி மையத்துக்கு நிபந்தனைகள் எழுதும் வேலை வந்தது.

அதற்கு முன்னால் நிலைமை எப்படி என்றால், ராத்திரியில் மனம் உடைந்து போன ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தால், விபத்துப் பிரிவில்தான் உட்கார வைப்பார்கள். ஒரு பக்கம் பைக்கில் விழுந்தவர், இன்னொரு பக்கம் குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவர். நடுவில் பள்ளிச் சீருடையோடு ஒரு பிள்ளை. மனநல மருத்துவர் காலை ஒன்பது மணிக்கு வரும்வரை அந்தப் பெஞ்சுதான். போலீஸ்காரர் வந்து முதல் கேள்வியே “ஏன் இப்படிப் பண்ணே?” என்று கேட்பார். பாதிப் பேர் விடிவதற்குள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதை மாற்ற வேண்டும் என்று தலையால் தண்ணீர் குடித்தவர் எங்கள் மாவட்ட அதிகாரி. டாக்டர் சார் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோப்பைப் படிக்கும்போது நாற்காலியில் உட்கார மாட்டார். ஜன்னலோரம் நின்றுகொண்டு, கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போடுவார். நாம் பதில் சொல்லி அவருக்குத் திருப்தியானால், சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து அதை அவரே அழிப்பார். அழித்த தூளை ஊதிவிட்டு, அதற்கப்புறம்தான் பச்சை மையில் கையெழுத்து. அவர் மேஜையிலிருந்து திரும்பி வரும் கோப்பில் ஒரு கேள்விக்குறிகூட மிச்சம் இருக்காது.

இருபத்திரண்டு நிபந்தனை எழுதினேன். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை. ஒரு ராத்திரிக்கு இரண்டு ஆலோசகர்கள், அதில் ஒருவர் கட்டாயம் பெண். போன் மூன்று முறை மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். பிள்ளையை நேரில் கூட்டி வந்தால் படுக்க ஒரு தனி அறை, கதவுக்குத் திரை, வெளியே பெயர்ப்பலகை கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உடனே பணி மருத்துவருக்கும் வீட்டுக்கும் சொல்ல வேண்டும். மற்றபடி பிள்ளை சொல்வது வெளியே போகக் கூடாது. அதற்காகவே, பெயரும் பேசிய விஷயமும் எழுதுகிற பதிவேடு மையத்தை விட்டு வெளியே வராது, எங்கள் அலுவலகத்துக்குக்கூட வராது என்று பதின்மூன்றில் எழுதினேன்.

பதினான்கு இது: “வாரம் ஒருமுறை, பெறப்பட்ட அழைப்புகளில் பத்தில் ஒன்றினைத் தெரிவு செய்து, அழைப்பு வந்த அதே எண்ணிற்கு அலுவலக வேலை நேரத்தில் திரும்ப அழைத்து, சேவை வழங்கப்பட்டதை அலுவலகம் உறுதி செய்தல் வேண்டும்.”

டாக்டர் சார் அந்த இடத்தில் நின்றார். பென்சில் கேள்விக்குறி போட்டது.

“இது தேவையா சரோஜா?”

“தணிக்கையில கேப்பாங்க சார். பதிவேடும் நமக்கு வராது. கூப்பிட்டுக் கேக்கலைன்னா, போன் வந்துச்சா வரலையான்னே நமக்குத் தெரியாது.”

“கூப்பிட்டா யார் எடுப்பா?” என்றார்.

“கூப்பிட்டவங்கதான் சார் எடுப்பாங்க” என்றேன்.

அவர் ரப்பரை எடுத்தார். என் வாழ்க்கையில் நான் சொன்ன பதில்களில் இதைவிட முட்டாள்தனமான பதில் இல்லை. ஆனால் அன்று அது எங்கள் இரண்டு பேருக்கும் சரியாகவே பட்டது. பத்தில் எட்டு வீட்டில் ஒரே ஒரு நல்ல போன்தான் இருக்கும் என்று தெரிந்துகொள்ள நாங்கள் ஆராய்ச்சியா செய்ய வேண்டும்? எங்கள் அலுவலக வாசலில் நின்று விசாரித்திருந்தாலே தெரிந்திருக்கும்.

ஒரு தொண்டு நிறுவனம் ஒப்பந்தத்தை எடுத்தது. தை மாதம் பெரிய ஆஸ்பத்திரி வளாகத்திலேயே மையம் தொடங்கியது. நான் இரண்டு தடவை காலை ஏழரை மணிக்குப் போய், இரவுப் பணி முடிந்து ஒப்படைக்கிற நேரத்தில் பார்த்தேன். அங்கேதான் ஷமீமா அறிமுகமானாள். கூத்தாநல்லூர் பெண். சமூகப் பணி படித்தவள், இருபத்தாறு வயது. ராத்திரி வேலை என்றதும் அவளுடைய வாப்பா மலேசியாவிலிருந்து மூன்று நாள் தொடர்ந்து போனில் சண்டை போட்டாராம். “நாலாவது நாள், ‘பசங்க பேசறதைக் கேக்கத்தானே போறே, போய்க் கேளு’ன்னுட்டார் மேடம்” என்று சிரித்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் சிரிப்பு நன்றாக இருந்தது.

பிள்ளைகள் ஏன் ராத்திரியில் கூப்பிடுகிறார்கள் என்று நான் அவளிடம் கேட்டேன். ராத்திரியில் துக்கம் கூடும் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

“அதுவும் இருக்கு. ஆனா பெரும்பாலும் போன் அப்பதான் மேடம் அவங்க கைக்கு வருது. அப்பா தூங்கின பிறகு சார்ஜ்ல கிடக்கும். அதை எடுத்துக்கிட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போயிருவாங்க.”

அதை நான் கேட்டேன். காதால் கேட்டேன். ஐயோ பாவம் என்றுகூடச் சொன்னேன். அந்த வார்த்தையையும் என் பதினான்காவது நிபந்தனையையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒன்று காலையில் கேட்ட பேச்சு, மற்றொன்று கையெழுத்தான கோப்பு.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை ஒன்பதரைக்கு மையத்தின் கம்ப்யூட்டரிலிருந்து எங்களுக்கு ஒரு பட்டியல் வரும். எண், நேரம், எத்தனை நிமிடம். வேறு எதுவும் இருக்காது. நான் பத்துக்கு ஒன்றாக டிக் போட்டு நானே கூப்பிடுவேன். உதவியாளரிடம் விடவில்லை. இந்த மாதிரி வேலைக்குப் பக்குவம் வேண்டும் என்று நினைத்தேன். முதல் சில வாரங்களில் கிடைத்த பதில்களெல்லாம் “ராங் நம்பர்”, “நாங்க கூப்பிடலை”, இல்லையென்றால் போனை வைத்துவிடுவார்கள். நான் மையத்தைச் சந்தேகப்பட்டேன். சத்து மாவுக்காரர் ஞாபகம் வந்தது.

இதை எழுதக் காரணமான பெண்ணை வெண்ணிலா என்று சொல்கிறேன், உண்மைப் பெயர் அது இல்லை. ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமம், பத்தாம் வகுப்பு. தாத்தா காலத்தில் கூலி வேலை, அப்பா காலத்தில் குத்தகை நிலம், இவள்தான் அந்த வீட்டில் பத்தாம் வகுப்பு வரை வந்த முதல் ஆள். ஒரு திங்கட்கிழமை ராத்திரி அவள் மையத்தைக் கூப்பிட்டுப் பதினெட்டு நிமிடம் ஷமீமாவிடம் பேசினாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் என் கையில் இருந்தது ஒரு எண்தான்.

பதினொரு மணி இருக்கும். ஒரு ஆண் எடுத்தார். பின்னால் நிறையப் பேச்சுச் சத்தம், யாரோ மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அது நெல் கொள்முதல் நிலையம். அறுவடை நேரம். களத்தில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, நாலைந்து நாளாக முறைக்குக் காத்துக் கிடக்கிறவர்கள் நடுவில் அவர் நின்றிருந்தார். தூற்றுகிற மெஷின் இரைச்சலில் காது கேட்காமல், போனை ஸ்பீக்கரில் போட்டார். அதுவும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தியே சொன்னேன், இரைச்சலாக இருந்ததால். “குழந்தைகள் மனநல இரவு உதவி மையம் சம்பந்தமா மாவட்ட அலுவலகத்துலேருந்து பேசறோம். நேத்து ராத்திரி ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு உங்க நம்பர்லேருந்து மையத்துக்கு ஒரு அழைப்பு வந்திருக்கு. பதினெட்டு நிமிஷம் பேசியிருக்கீங்க. உதவி கிடைச்சுதா, திருப்தியா இருந்துச்சா?”

அந்தப் பக்கம் மூட்டை எண்ணுவது நின்றது. அது எனக்குக் கேட்டது. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஆமாங்க” என்றார் அவர். “கிடைச்சுதுங்க.”

அதிகாரி கேட்டால் ஆமாம் என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். நான் நன்றி சொல்லி வைத்தேன். பட்டியலில் ‘உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதினேன். மையம் தொடங்கியதிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல பதில் அது. பக்கத்து மேஜையில் இருந்தவரிடம், “பாருங்க, ஒருத்தராவது ஒழுங்கா பதில் சொன்னார்” என்று சொன்னேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை, அலுவலகம் திறந்த உடனே ஷமீமா வந்து நின்றாள். முந்தைய நாள் விடியற்காலையில் வெண்ணிலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வந்து சேரும்போதே உயிர் இல்லை. எப்படி என்று நான் எழுத மாட்டேன், அது யாருக்கும் தேவையில்லை. ஊர்ப் பெயரையும் வயதையும் கேட்டதும் ஷமீமாவுக்குப் புரிந்துவிட்டது.

அவள் கையில் பதிவேடு இருந்தது. வெளியே வரக் கூடாது என்று நான் எழுதிய பதிவேடு. என் மேஜையில் விரித்து, குறிப்பு என்கிற கட்டத்தில் விரலை வைத்தாள். அவளுடைய கையெழுத்து: “அப்பாவின் போன். திரும்பக் கூப்பிடக் கூடாது. வியாழன் இரவு அவளே கூப்பிடுவாள். அன்று பேசிவிட்டு, அம்மாவிடம் சேர்ந்து சொல்வதாக முடிவு.”

“போன வியாழக்கிழமை கூப்பிடலை மேடம். இன்னிக்குக் கூப்பிடும், நாளைக்குக் கூப்பிடும்னு பார்த்தேன். நாமளா கூப்பிடக் கூடாதுன்னு இருந்ததால கூப்பிடலை.” பிறகு, “உங்க பட்டியலைப் பார்க்கலாமா?” என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். எண்ணைத் தேடிப் பிடிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. பக்கத்தில் என் டிக் இருந்தது. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “கூப்பிடறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மேடம்” என்று மட்டும் சொன்னாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு நான் கோப்போடு டாக்டர் சார் முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்கை நீக்கவும், காரணம் இது, பொறுப்பு என்னுடையது என்று குறிப்பு எழுதித் தயாராக வைத்திருந்தேன். அவர் அதை ஜன்னலோரம் நின்று வாய்க்குள் படித்தார். முடித்ததும் அந்தத் தாளைக் கோப்பிலிருந்து கழற்றினார்.

“இது கோப்புல இருந்தா விசாரணை வரும். விசாரணை வந்தா முதல்ல மையத்தை நிறுத்துவாங்க. நிறுத்திட்டா மறுபடியும் அந்தப் பெஞ்சுதான் சரோஜா. கோடு போட்டு அடிச்சிடலாம். காரணம் எழுத வேண்டாம்.”

மையத்தைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொன்னார், சத்தியமாக நம்புகிறேன். நான் ஏன் தலையாட்டினேன் என்பது வேறு. எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. விசாரணை நிலுவையில் இருந்தால் பென்ஷன் நிற்கும். அவர் அந்தத் தாளைக் கிழித்தபோது எனக்கு மூச்சு வந்தது. அதை இங்கே எழுதாவிட்டால் மற்றது எதையும் எழுதிப் பிரயோஜனம் இல்லை.

மையம் பிழைத்தது. அதற்குப் பிறகு ஷமீமா எத்தனையோ பிள்ளைகளோடு விடியும்வரை பேசியிருக்கிறாள், அவர்கள் இன்று பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆனால் காரணம் இல்லாமல் அடித்த கோட்டை எவரும் அழிக்கலாம், இப்போது அழிக்கப் போகிறார்கள். காயத்ரி கேட்ட அன்றே டாக்டர் சாருக்குப் போன் செய்தேன். அவரும் ஓய்வில்தான் இருக்கிறார். “எழுதுங்க. அன்னிக்கு நான் சொன்னது தப்பு” என்றார்.

காயத்ரி, இன்னும் ஒன்றுதான் பாக்கி. கருமாதி முடிந்த பிறகு நானும் ஷமீமாவும் அந்த வீட்டுக்குப் போனோம். போக வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. ஷமீமா பிடிவாதமாக நின்றாள், என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அம்மா உள்ளே படுத்துக் கிடந்தார், எழுந்து வரவில்லை. அப்பா வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். நாங்கள் ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டவர்கள் என்று நினைத்திருந்தார்.

நான் வாயைத் திறந்து, “ரொம்ப வருத்தமா இருக்குங்க” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, காதைக் கொடுத்துக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தார். “அன்னிக்கு போன் பண்ணினது நீங்கதானேம்மா?”

ஆமாம் என்றேன். காலில் விழாத குறையாக, நான் கூப்பிட்டிருக்கக் கூடாது, தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். அவருக்கு அது காதில் ஏறியதாகத் தெரியவில்லை. பல நாளாகச் சொல்வதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர் போல, என்னைவிட்டு ஷமீமாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“நான் அடிக்கலைம்மா. ஒரு வார்த்தை கேக்கலை. களத்துல அத்தனை பேரும் பார்த்தாங்க, தலை குனிஞ்சு வந்தேன், ஆனா பாப்பாவை எதுவும் கேக்கலை. அவ அம்மாகிட்டகூடச் சொல்லலை. சின்னப் புள்ளை, நாளாக ஆகச் சரியாயிரும்னுதான் நெனச்சேன். போனை மட்டும் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுத்தேன்.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“அந்த வியாழக்கிழமை ராத்திரி ரெண்டு தடவை வந்து எங்கிட்ட நின்னுச்சு. முழிச்சுதான் கிடந்தேன். என்னம்மா, தண்ணி வேணுமான்னு கேட்டேன். ஆமான்னுச்சு. எழுந்திரிச்சுப் போயி மோந்து குடுத்தேன். குடிச்சிட்டுப் போய்ப் படுத்துக்கிச்சு.”